சூடம் அணைக்காத துரை

துரை தன் கட்டிலை ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே சாயங்காலம் அந்தச் சிப்பாய் குளிக்கப் போயிருந்த நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த ஜில்லா வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். நாமக்கல் ரோட்டில் லாரி பழுதாகி நின்றுபோன சிப்பாய் அவன். மீசை கூட சரியாக முளைத்திருக்கவில்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று கேட்டேன்.

"அவன் ஒன்றும் செய்யமாட்டான். தங்கமான பையன். அவனுடைய சர்க்கார் செய்யும்" என்றார் துரை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. துரை என்றால் அவர்தான். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு, விமானம் இறங்க ஆங்காங்கே தளம் போட்டாக வேண்டும் என்று சர்க்கார் பறந்த காலத்தில், நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் சர்க்கார் அதிகாரிகள் தங்குவதற்கென்று இருந்த முசாபரி பங்களாவில் வந்து இறங்கிய இங்கிலீஷ்கார மிலிட்டரி இன்ஜினீயர். நான் அவருடைய கேம்ப் குமாஸ்தா. எனக்கு இங்கிலீஷும் தட்டெழுத்தும் வரும் என்பதற்காக வேலை கொடுத்தார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் பெண் எடுத்தவன் என்பதும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. எதையும் ஒரே காரணத்துக்காகச் செய்கிற ஆள் இல்லை அவர்.

நெட்டையான மனிதர். கழுத்து மட்டும் செங்கல் நிறம். மேட்டூர் அணை கட்டும்போது சின்ன இன்ஜினீயராக இருந்தவர். தமிழ் படித்ததும் அங்கே கல் சுமந்தவர்களிடம்தான். அதனால் அவர் தமிழில் முக்கால்வாசி உத்தரவாகவே இருக்கும். குழம்பு நன்றாக இருந்தால், இன்னும் ஊற்று என்பதற்குச் சமையல்காரரைப் பார்த்து, "தூக்கு, இன்னும் தூக்கு" என்பார். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார்.

அவருக்கு முதல் அமெரிக்கர் கிடைத்ததும் அந்த மேட்டூரில்தான். கான்கிரீட் கலக்கும் யந்திரத்தோடு கூடவே வந்த மெக்கானிக். துரை மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அந்த மெக்கானிக்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிப் போட்டாராம். இதைச் சொல்லும்போது துரையின் குரல் இறங்கிவிடும். "எங்கள் ஆட்கள் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவன் உள்ளே வந்தான்" என்பார். சொல்லி முடித்த கையோடு அடுத்த கதைக்குப் போய்விடுவார். முதல் யுத்தத்தில் அவருடைய அண்ணன் பிரான்சில் செத்துப்போனார். "அமெரிக்க சர்க்கார் யோசித்து முடிப்பதற்குள் என் அண்ணன் மண்ணுக்குள் போய்விட்டான். யோசித்து முடித்து வந்தவர்கள், வந்ததும் சமாதானப் பேச்சு மேசையின் தலைமை இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்." இந்த இரண்டு கதைகளில் ஒன்றை மட்டும் அவர் தனியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

தளம் போட இடம் பார்க்க அமெரிக்க இன்ஜினீயர்களும் வருவார்கள். அவர்களுடைய ஜீப்பில் வெள்ளை நட்சத்திரம் போட்டிருக்கும். தூரத்தில் நட்சத்திரம் தெரிந்ததுமே துரையின் முகம் மலர்ந்துவிடும். ஓடிப்போய்க் கைகுலுக்குவார், தோளில் தட்டுவார், சமையல்காரரைக் கோழி அடிக்கச் சொல்வார். அவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்க்கக் கிளம்பியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எந்த ரோட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், எந்தப் பாலத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனித்து வரச் சொல்வார். "நட்சத்திரம் போட்ட வண்டியிலிருந்து இறங்குகிற ஆளை நம்பு. வண்டியை நம்பாதே" என்பார். சொந்தமாகக் கண்டுபிடித்த வாக்கியம் என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அவர்களில் சின்ன வயதுக் கேப்டன் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிற டப்பாப் பழத்தை ரசித்துத்தான் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டுக் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இதைக் கொடுத்தது அந்தக் கேப்டன் இல்லை, அவனுடைய சர்க்கார். எதற்கு என்று பிறகு சொல்வார்கள்" என்பார். அந்த டப்பாவில்தான் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்.

பங்களாவில் பாட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. அமெரிக்காவில் யாரோ பெரிய மனிதர், உலகத்து ஜனங்கள் எல்லோருக்கும் விடுதலை வேண்டும் என்று பேசியதாக ஒருநாள் செய்தியில் சொன்னார்கள். நான் தபால்களோடு உள்ளே நுழைந்ததும் துரை ரேடியோவை நிறுத்திவிட்டார்.

"கேட்டாயா?" என்றார்.

"கேட்டேன்."

"அவர்களுக்கு உங்கள்மேல் கரிசனம் என்று நினைக்கிறாயா? நாங்கள் எழுந்திருக்கப் போகும் நாற்காலியைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள்."

எழுந்திருக்கப் போகிறீர்களா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அது ஆகஸ்டு கலவரம் முடிந்து, காங்கிரஸ்காரர்களை ஊர் ஊராகப் பிடித்து உள்ளே தள்ளியிருந்த சமயம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கு வம்பு என்று தபால்களை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு சம்பவம். அமெரிக்கர்களுக்கு லாரி ஓட்டி வந்தவர்களில் கறுப்பர் ஒருவர் இருந்தார். மத்தியானம் மற்றவர்கள் பங்களாவுக்குள் உட்கார்ந்து சாப்பிட, அவர் மட்டும் லாரி நிழலில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காப்பிக் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்தானே. துரை நேரே போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் மேசையில் உட்காரவைத்தார். தன் கையாலேயே பரிமாறினார். அந்த மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டார். எதிரே இருந்த அமெரிக்கக் கேப்டனின் முகம் சிவந்துபோயிற்று. எனக்குத் துரையின்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து, சேலத்தில் அவர் போகிற வெள்ளைக்காரர் கிளப்புக்கு அவசரமாக ஒரு காகிதக் கட்டைக் கொண்டுபோனேன். காவல்காரர் என்னை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார். துரை இறங்கி வந்து கட்டை வாங்கிக்கொண்டு, வெயிலில் நிற்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் கறுப்பரைக் கூப்பிட்டது அவர் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பதற்காகவா, கேப்டன் பார்க்க வேண்டும் என்பதற்காகவா என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த எரிச்சலில்தான், ராசிபுரத்துக்கு அவரோடு ஜீப்பில் போன ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஆள் வேறு, சர்க்கார் வேறு என்று அமெரிக்கர்களைப் பற்றிச் சொல்கிறீர்களே. எங்களுக்கு நீங்கள் இந்த இரண்டில் எது?"

அவர் கோபப்படவில்லை. ஜீப்பின் வேகத்தைக் குறைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது மணியைப் பொறுத்தது. அலுவலக நேரத்தில் என்னிடம் இதைக் கேட்காதே" என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் தளத்துக்கென்று அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் என் மாமனாரின் கிணற்றுக்காடும் அகப்பட்டுக்கொண்டது. மாடு பூட்டி, தோல் சாலால் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற கிணறு. கோடையிலும் வற்றாது. புகையிலையும் கம்பும் விளைந்தது அந்த நிலத்தில்தான். அந்தக் காடு இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு வேறு எதுவும் இல்லை. யுத்தச் சட்டப்படி சர்க்கார் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கலவரத்துக்குப் பிறகு எங்கும் சத்தம் வரக்கூடாது, ஜனங்களைச் சம்மதிக்கவைத்து எடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. காட்டோரத்தில் இருந்த கருப்பனார் கோவிலில் ஊர் கூடியது. துரை வந்தார். டப்பாப் பழம் கொடுக்கிற கேப்டனும் கூட வந்தார். நான் மொழிபெயர்க்க நின்றேன்.

யுத்தம் முடிந்ததும் காடு திரும்பி வரும் என்று உத்தரவு சொல்வதாகத் துரை சொன்னார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க துரை, உத்தரவு சொல்றது இருக்கட்டுங்க. நீங்க சொல்லுங்க. சண்டை முடிஞ்சா என்ற காடு எனக்கு வருமுங்களா?"

"வரும் என்று உத்தரவில் இருக்கிறது."

"உத்தரவு வந்து சூடம் அணைக்குமுங்களா?"

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லில் சந்தேகம் வந்தால், கருப்பனார் முன்னால் சூடம் ஏற்றுவார்கள். அவர் தன் வாக்கைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சொன்னது பொய்த்தால் அணைத்தவரைக் கருப்பனார் பார்த்துக்கொள்வார். அதற்குமேல் கோர்ட்டும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பூசாரி கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

துரை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மேட்டூரில் பார்த்திருக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். "நான் அணைத்தால் நான் சொன்னதாகத்தான் ஆகும். நாளைக்கே எனக்கு மாற்றல் வரலாம். அடுத்து வருகிறவன் அணைக்கவில்லை. அவனிடம் போய் நீங்கள் கேட்க முடியாது. இதை அப்படியே சொல்."

அப்படியே சொன்னேன். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்த கேப்டன் என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். சண்டை முடிந்ததும் காடு திரும்பி வரும் என்று சத்தியம் கேட்கிறார்கள் என்றேன்.

"அவ்வளவுதானா? வராமல் எங்கே போகும்?" என்று சொல்லிக்கொண்டே கேப்டன் குனிந்து, ஈயை அடிப்பதுபோல் ஒரே அடியில் சூடத்தை அணைத்தார்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேப்டனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துரை அவசரமாக என் பக்கம் திரும்பினார். "இந்தக் காட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் சர்க்காருக்கும் சம்பந்தம் இல்லை. எடுக்கப் போவது எங்கள் சர்க்கார். சொல்." அதையும் சத்தமாகவே சொன்னேன்.

"கையை வெச்சவரு பொய்யி, கையைக் கட்டீட்டு நிக்கறவரு நெசமாக்கும்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மாமா என் தோளைத் தொட்டு, "நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. அந்தப் புள்ளை மொகத்துல சூது இல்லீங்க" என்றார். அன்றைக்கே ஊர் சம்மதித்துவிட்டது.

சொல்லப்போனால் துரை உண்மையைத்தான் சொன்னார். மறைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் அன்றிலிருந்து இடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேப்டனுக்கு அங்கே என்ன வேலை? மண் பார்க்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. திரும்பும்போது துரையிடமே கேட்டேன். அவனுக்கு இந்த ஊர்க் கோவில் பார்க்க வேண்டும் என்று ஆசை, அதனால் அழைத்துவந்தேன் என்றார். ஆடு மாட்டைக்கூட விடாமல் படம் பிடிக்கிற அந்தக் கேப்டன், அன்றைக்குக் கேமராவே கொண்டுவரவில்லை. சூடம் கேட்பார்கள் என்று துரைக்குத் தெரியும். தன்னை நம்பமாட்டார்கள் என்றும் தெரியும். கேப்டன் எப்படிப்பட்ட ஆள் என்பது அவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. ஆளை நம்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்த ஆளை எங்கே நிறுத்தினால் எங்கள் ஜனங்கள் நம்புவார்கள் என்று யோசித்தே கூட்டிவந்தாரா, அல்லது நான்தான் அவரோடு பழகிப் பழகி எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புல்டோசர் வந்து கிணற்றை மூடியது. மாமா அன்று வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். செம்மண் காட்டில் சரளை கொட்டி உருளை ஓட்டினார்கள். எப்போதாவது ஒரு விமானம் இறங்கி, வந்த வேகத்தில் போகும். கேப்டனுக்கு அஸ்ஸாம் பக்கம் மாற்றலாயிற்று. போகும்போது மாமாவைத் தேடிவந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். யுத்தம் முடிந்தது. நட்சத்திர வண்டிகள் போய்விட்டன. மாமா கவலைக்குப் புதுக் கயிறு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியூர்க் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டேதான் காத்திருந்தார்.

துரை தன் சீமைக்குத் திரும்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியான வேளையில் வந்தார். நான் அன்று மாமா வீட்டில் இருந்தேன். புளியமரத்தடியில் ஜீப் நின்றது. அதற்குப் பின்னால் மாட்டுவண்டி ஒன்று. வண்டி நிறைய எல்லைக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் சர்க்காருடைய அம்புக்குறி செதுக்கியிருந்தது. துரை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்தார். மாமாவுக்கு வண்டியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இருந்தாலும், "வாங்க, மொதல்ல சாப்புடுங்க. ஊட்டுக்கு வந்தவீக வெறும் வயித்தோட பேசக்கூடாதுங்க" என்று இலை போடச் சொன்னார். துரை தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டார். அத்தை இரண்டாவது தடவை குழம்பு ஊற்றியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. "தூக்கு" என்ற வார்த்தையும் அன்றைக்கு வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் அவரே சொன்னார். "காடு வராது. சர்க்காரே வைத்துக்கொண்டது."

மாமா அழுவார் அல்லது கத்துவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏனுங்க, அந்தக் கேப்டன் புள்ளை நல்லா இருக்குதுங்களா?"

துரைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளை அணைச்ச சத்தியம் பொய்யாப் போச்சுங்களே. கருப்பனாரு உங்க சர்க்காரையா புடிப்பாரு? அணைச்ச கையத்தானுங்க புடிப்பாரு. தெரியாம செஞ்ச புள்ளை. சத்தியத்தை எறக்கி வெச்சிரோணுமுங்க. அதுக்கு அவுரு பேருல ஆராச்சும் நின்னு சூடம் அணைக்கோணும். கேட்டு வாங்குனவீக நாங்க, நாங்க நிக்கப்படாது. நீங்க நிப்பீங்களா?"

நான் மொழிபெயர்த்தேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மத்தியான இடைவேளை முடிந்து அலுவலக நேரம் ஆரம்பித்திருந்தது. மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் கோவிலைப் பார்த்து நடந்தார்.

பூட்ஸைக் கழற்றினார். பூசாரி சூடம் கொளுத்தினார். "அறியாத புள்ளை சொன்ன சொல்லு. அதும்மேல கோவப்படாத சாமி" என்று மாமா வேண்டிக்கொண்டார். துரை முழங்காலிட்டு, கேப்டனின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் தீயின்மேல் வைத்தார். தீ அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. மாமாவே பிடித்துத் தூக்கிவிட்டார்.

பூட்ஸ் கயிறு கட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கட்டி முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு, கரி ஒட்டியிருந்த அதே கையால் மாட்டுவண்டியை வரச்சொல்லிச் சைகை காட்டினார். வண்டி வந்ததும் முதல் கல்லை எங்கே நட வேண்டும் என்று அந்தக் கையாலேயே காட்டினார். கோவிலிலிருந்து நாலு எட்டுத் தூரம்தான். ஆட்கள் குழி தோண்டினார்கள். அம்புக்குறி வெளியே தெரியும்படி கல்லை நட்டார்கள். அவர் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல், அடுத்த கல்லுக்கான இடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மாமா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு எறக்கி வெச்சாச்சு மாப்பிள்ளை. இவருக்கு ஆரு எறக்கி வெக்கறது?" என்றார். பிறகு அவரே, "எதைன்னு எறக்கறது? இவருதான் ஒண்ணுமே சொல்லலியே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியூருக்குக் கூலி வேலைக்குக் கிளம்பினார்.